கிரீன்ஹாம் காமன்: கூட நடந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

லண்டனிலிருந்து மேற்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் நியூபரி வரும். நான் இங்கே குடியேறி பன்னிரண்டு வருடமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும், ஸ்டோன்ஹெஞ்ச், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒரு சாயங்காலம் கிரீன்ஹாம் காமனுக்கு நடக்கக் கூட்டிப்போவேன். அத்தை, சித்தப்பா, அண்ணன் பிள்ளைகள், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். நடந்துகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி பதிலையும் எழுதிவிட்டேன்.

"வெறும் பொட்டல் காடா கெடக்கு, இதுல பார்க்க என்ன இருக்கு?"

இந்தப் பொட்டல் 1992 வரை விமான தளம். பிரிட்டனுடையது என்று பெயர், இருந்தது அமெரிக்க விமானப் படை. சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக ஐரோப்பாவில் 464 க்ரூஸ் ஏவுகணைகளையும் 108 பெர்ஷிங் ஏவுகணைகளையும் வைப்பதென்று 1979 டிசம்பரில் நேட்டோ முடிவு செய்தது. பிரிட்டன் பங்குக்கு 160 க்ரூஸ். அதில் 96 இங்கே, மீதி 64 கேம்பிரிட்ஜ்ஷர் பக்கம் மோல்ஸ்வொர்த் என்ற இடத்தில். லாரியில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் ஏவலாம், சுமார் 2,500 கிலோமீட்டர் பறந்து போய் அணுகுண்டைப் போடும்.

அதை எதிர்த்து இந்த வேலிக்கு வெளியே பெண்கள் ஒரு முகாம் போட்டார்கள். 1981 செப்டம்பரில் போட்டது, 2000 செப்டம்பரில்தான் கலைந்தது. பத்தொன்பது வருடம்! பார்க்க ஒன்றுமில்லை என்பது சரிதான், ஆனால் இருந்ததெல்லாம் போய் இப்படிப் பொட்டலாகத் திரும்பி வந்ததைத்தான் நான் காட்டக் கூட்டி வருகிறேன்.

"காமன்னா ஊர்ப் பேரா?"

இல்லை. நம் ஊரில் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்கிறோமே, அது. சுற்றியுள்ள சில வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பரம்பரை உரிமை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்க இடம் வேண்டுமென்று அரசு எடுத்துக்கொண்டது, போர் முடிந்தும் முழுசாகத் திரும்பி வரவில்லை. இந்த மேய்ச்சல் உரிமையை மறந்துவிடாதீர்கள், கீழே ஒரு கேள்வியில் திரும்ப வரும்.

"யாரு ஆரம்பிச்சது? ஏதாவது கட்சியா?"

கட்சியும் இல்லை, பெரிய அமைப்பும் இல்லை. வேல்ஸ் நாட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிராமத்தில் இருந்த ஆன் பெட்டிட் என்ற பெண்ணும் அவருடைய தோழிகள் மூன்று பேரும் ஆரம்பித்தது. அந்த வருடம் கோபன்ஹேகனிலிருந்து பாரிஸுக்குப் பெண்கள் அமைதி நடைபயணம் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு, நாமும் நடக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. 1981 ஆகஸ்ட் 27 அன்று கார்டிஃபிலிருந்து கிளம்பினார்கள். 36 பெண்கள், கூடச் சில ஆண்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். சுமார் 120 மைல் நடந்து செப்டம்பர் 5 அன்று இங்கே வந்து சேர்ந்தார்கள்.

வழியெல்லாம் பத்திரிகைகள் கண்டுகொள்ளவே இல்லை. பத்து நாள் கால் கொப்புளத்தோடு நடந்தும் ஒரு வரி செய்தி வராவிட்டால் எப்படி இருக்கும்? வந்த அன்று நான்கு பெண்கள் வேலியில் தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்கள். ஓட்டுரிமை கேட்ட காலத்தில் அந்த நாட்டுப் பெண்கள் செய்த பழைய முறை அது.

"நடந்து வந்தாங்க சரி. அப்புறம் ஏன் வீட்டுக்குப் போகல?"

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஏவுகணைகள் தேவையா என்று அமைச்சர் எங்களோடு தொலைக்காட்சியில் விவாதிக்கட்டும். அது நடக்கவே இல்லை. பதில் வரும் வரை இருப்போம் என்று சிலர் உட்கார்ந்தார்கள். முகாம் போட வேண்டுமென்று யாரும் திட்டம் போட்டு வரவில்லை. ஹெலன் ஜான் என்ற மருத்துவச்சி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், முதலில் தங்கியவர்களில் ஒருவர். ஒரு வாரம் இருப்போம் என்றது ஒரு மாதமாகி, குளிர்காலம் வந்து, கிறிஸ்துமஸும் போய்விட்டது. அதற்குள் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஆம்பளைங்கள ஏன் சேர்த்துக்கல?"

முதல் சில மாதம் ஆண்களும் இருந்தார்கள். 1982 பிப்ரவரியில்தான் தங்குவது பெண்கள் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம் பேசினார்கள், போலீசோடு தள்ளுமுள்ளு என்று வந்தால் அவர்களிடம் சீக்கிரம் கோபம் வந்தது, பத்திரிகைக்காரர்களும் அவர்களைத்தான் தேடிப் போய்க் கேட்டார்கள். இதெல்லாம் அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். நிறைய சண்டைக்குப் பிறகு வந்த முடிவு அது, சில ஆண்கள் மனம் நொந்து போனார்கள்.

அது சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவரை மேடை ஏறாத, யாரிடமும் ஒரு கருத்து சொல்லாத பெண்கள் இங்கே வந்து தாங்களே முடிவெடுத்து, தாங்களே கோர்ட்டில் நின்று பேசினார்கள். ஆண்கள் வெளியிலிருந்து உதவினார்கள், சாமான் கொண்டு வந்தார்கள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளைகள விட்டுட்டு எப்படிங்க வந்தாங்க? மனசு வருமா?"

எங்கள் அத்தை கேட்டது இது, அப்புறம் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் கேட்டுவிட்டார்கள். ஆண்கள் கேட்டதே இல்லை. சிலர் பிள்ளைகளைக் கூட்டியே வந்தார்கள். சிலர் வார இறுதியில் மட்டும் வந்து போனார்கள். சிலர் உண்மையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், அதனால் உடைந்த குடும்பங்களும் உண்டு. பொறுப்பில்லாத தாய்கள் என்று பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதின. அவர்கள் சொன்ன பதில் எளிமையானது: பிள்ளைகளுக்காகத்தான் வந்தோம். போருக்குப் போகிற அப்பாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று நான் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்து வந்தார்.

"எங்க தூங்கினாங்க? குளிக்க, சமைக்க என்ன பண்ணாங்க?"

முதலில் கூடாரம், கேரவன் எல்லாம் இருந்தன. நகர சபை அவற்றை அப்புறப்படுத்திய பிறகு, மரக்கொம்புகளை வளைத்து மண்ணில் நட்டு மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி குடிசை போட்டுக்கொண்டார்கள். ஒரு ஆள் படுக்கலாம், நெருக்கினால் இரண்டு பேர். ஆட்கள் வந்து காலி செய்யச் சொன்னால் நிமிஷத்தில் பிரித்துத் தூக்கிக்கொண்டு நகரலாம். சில காலத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை காலி செய்ய வைத்திருக்கிறார்கள். குப்பை அள்ளும் வண்டியோடு வந்து, கையில் சிக்கியதையெல்லாம், படுக்கையிலிருந்து பாத்திரம் வரை, அரைவைக்குள் போட்டுவிடுவார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அவர்கள் போனதும் இவர்கள் திரும்ப நெருப்பு மூட்டுவார்கள்.

இந்த ஊர்க் குளிரை ஒரு ஜனவரி மாதம் வந்து பார்த்தால்தான் தெரியும். மழை ஈரம், சேறு, நான்கு மணிக்கே இருட்டு. மின்சாரம் கிடையாது, தண்ணீரைப் பிடித்துத் தூக்கி வர வேண்டும், கழிப்பறைக்குக் காட்டில் குழி தோண்ட வேண்டும். அனுதாபம் உள்ளவர்கள் வீட்டுக்குக் குளிக்கப் போவார்கள். உணவும் விறகும் போர்வையும் நாடு முழுக்க இருந்து வந்தன, தபாலில் காசும் வந்தது. அந்த முகாமில் அன்றாட வேலைதான் போராட்டம் என்று நான் நினைக்கிறேன். விறகு தேடுவதும், பாத்திரம் கழுவுவதும், நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதும் நின்றிருந்தால் வேலிக்கு வெளியே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"தலைவி யாரு? யார் சொன்னா கேப்பாங்க?"

தலைவி கிடையாது. வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், ஒருவர் மாற்றி ஒருவர். ஓட்டெடுப்பு இல்லை. ஒரு காரியம் பிடிக்காதவர் அதில் கலந்துகொள்ள வேண்டாம், அவ்வளவுதான். விடிய விடியப் பேசியும் முடிவே வராத கூட்டங்களும் உண்டு.

தளத்துக்குப் பல வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன முகாம் உருவாகி, வானவில் நிறங்களைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பிரதான வாசல் மஞ்சள். காட்டுக்குள் இருந்தது பச்சை, அங்கே பகல் நேரத்தில்கூட ஆண்கள் வரக் கூடாது. நீலம், ஆரஞ்சு, ஊதா என்று மற்றவை. ஒவ்வொரு வாசலுக்கும் தனிக் குணம்: ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு பேச்சு மாறுமே, அந்த மாதிரி.

"வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் இல்லாம 30,000 பேர் எப்படி வந்தாங்க?"

கடிதம்தான். 1982 டிசம்பர் 12 அன்று, நேட்டோ முடிவின் மூன்றாம் ஆண்டு நாளில், தளத்தைச் சுற்றி நின்று கைகோர்ப்போம் என்று கடிதம் எழுதி, இதைப் படி எடுத்து உனக்குத் தெரிந்த பெண்களுக்கு அனுப்பு என்று கேட்டுக்கொண்டார்கள். சங்கிலிக் கடிதம். வேலியின் சுற்றளவு ஒன்பது மைல், அதை மூட 16,000 பேராவது வேண்டும், வருவார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் வந்து நின்றார்கள். சேறு, தூறல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பாட்டு.

வேலியில் குழந்தைச் சட்டை, சாக்ஸ், குடும்பப் படம், கல்யாண உடுப்பு என்று தங்களுக்குப் பிரியமானதைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பளி நூலால் சிலந்தி வலை மாதிரி பின்னினார்கள். நம் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவார்களே, அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது. மறு வருடம் டிசம்பரில் ஐம்பதாயிரம் பெண்கள் கண்ணாடியோடு வந்து, தளத்துக்கு அதன் முகத்தையே காட்டினார்கள்.

"வேலிய வெட்டுனாங்களாமே, அது அமைதி வழியா?"

வெட்டினார்கள், ஒளிக்கவில்லை. 1983 புத்தாண்டு விடியலில் 44 பெண்கள் ஏணி வைத்து ஏறி, கட்டிக்கொண்டிருந்த ஏவுகணைக் கிடங்கின் மேட்டில் வட்டமாக நின்று சுமார் ஒரு மணி நேரம் ஆடினார்கள். அதே வருடம் அக்டோபர் 29 அன்று மைல் கணக்கில் வேலியை வெட்டிச் சாய்த்தார்கள். கிடங்குப் பக்கம் வருகிறவர்கள் சுடப்படலாம் என்று பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் நாடாளுமன்றத்தில் சொன்னது அதற்குச் சில நாள் கழித்துத்தான். அப்படியும் போனார்கள்.

என் நிலைப்பாடு இது: ஆளை அடிப்பதும் கம்பியை வெட்டுவதும் ஒன்றல்ல. அவர்கள் யார் மீதும் கை வைக்கவில்லை, பிடித்தால் ஓடவில்லை, ஆமாம் நான்தான் வெட்டினேன் என்று கோர்ட்டில் சொன்னார்கள். ஆனால் முகாமுக்குள்ளேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள், குறிப்பாக மத நம்பிக்கையால் வந்தவர்கள் சிலர். அவர்கள் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன்.

"ஜெயிலுக்கு எத்தனை பேர் போனாங்க? எதுக்காக?"

பத்தொன்பது வருடத்தில் ஏராளமான பேர், சிலர் திரும்பத் திரும்ப. நம் ஊர் போலீஸ் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குமே, அதே மாதிரி இங்கேயும் ஒரு சட்டம், 1361இல் போட்டது. பொது அமைதியைக் காப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். அவர்கள் மறுத்தார்கள். அணுகுண்டு வராமல் தடுக்க நிற்கிற நாங்கள்தானே அமைதியைக் காக்கிறோம், இதற்குமேல் என்ன எழுதிக் கொடுப்பது என்று கேட்டார்கள். 44 பேரில் 36 பேர் இப்படித்தான் இரண்டு வாரம் சிறைக்குப் போனார்கள்.

"ஒப்பாரி வச்சு அழுதாங்கன்னு சொன்னீங்களே, இங்கிலீஷ்காரங்களுக்கு ஒப்பாரியா?"

உண்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் சாவு வீட்டில் பெண்கள் சொல்லில்லாமல் ஓங்கிக் குரலெடுத்து அழுகிற பழைய வழக்கம். 1982 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முன்னால் போய் கறுப்பு உடையில் நின்று அப்படி அழுதார்கள். இனி வரப்போகிற சாவுக்கு முன்கூட்டியே வைத்த ஒப்பாரி. வாதம் செய்கிறவருக்கு மந்திரிகள் பதில் வைத்திருப்பார்கள், அழுகைக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

"இந்த ஊர்க்காரங்க சும்மா இருந்தாங்களா?"

இல்லை, பலருக்கு ஆத்திரம். முகாமை எதிர்த்து வரி கட்டுவோர் சங்கமே வைத்தார்கள். சில கடைகளிலும் பப்களிலும் உள்ளே விடவில்லை. ராத்திரியில் வந்து குடிசை மேல் கல்லெறிந்தவர்கள், கழிவைக் கொட்டியவர்கள் உண்டு. உதவியவர்களும் இதே ஊர்தான், முக்கியமாக குவேக்கர் என்ற, போரை எதிர்க்கிற கிறிஸ்தவ சபைக்காரர்கள். இன்றைக்கும் வயதானவர்களிடம் பேச்செடுத்தால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், பாதிப் பேர் அடுப்புக்கு விறகு கொண்டுபோய்க் கொடுத்த கதை சொல்வார்கள்.

"ரஷ்யாக்காரன் காசு குடுத்து உக்கார வச்சான்னு படிச்சேனே?"

அப்போதே சொல்லப்பட்ட பழி. தபாலில் வந்த சின்னச் சின்ன நன்கொடையில்தான் முகாம் ஓடியது என்று மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்றும் பாருங்கள்: 1983இல் ஆன் பெட்டிட்டும் இன்னும் இரண்டு பெண்களும் மாஸ்கோவுக்குப் போய், அரசு அங்கீகரித்த அமைதிக் குழுவை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அரசு துன்புறுத்திவந்த ஒரு சுதந்திர அமைதிக் குழுவைச் சந்தித்து, அவர்களில் ஒருவரை அதிகாரிகளின் கூட்டத்துக்கே கூட அழைத்துப் போனார்கள். கூலிக்கு உட்கார்ந்தவர்கள் செய்கிற காரியமா இது?

"அவங்களுக்குள்ள சண்டையே வரலயா?"

வந்தது, மோசமாகவே வந்தது. காசை எப்படிப் பங்கிடுவது, குடிப்பவர்களை என்ன செய்வது, வேலி வெட்டுவது என்று தினமும் ஏதாவது. பெரியது 1987இல். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பினப் பெண்களை நடத்துகிற விதத்தில் இனவெறி இருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, மஞ்சள் வாசல் மற்ற வாசல்களிலிருந்து பிரிந்தே போனது. அந்தக் காயம் ஆறவில்லை, இன்றும் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நானே இங்கே வெளிநாட்டுக்காரி என்பதால் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அந்த நெருப்பைச் சுற்றி நான் போய் உட்கார்ந்திருந்தால் இடம் கொடுத்திருப்பார்களா? சில வாசலில் நிச்சயம், எல்லா வாசலிலும் என்று சொல்ல மனம் வரவில்லை.

"இடிந்தகரை மாதிரின்னு சொல்லலாமா?"

பந்தல், தொடர் உண்ணாவிரதம், முன்வரிசையில் பெண்கள், ஆயிரக்கணக்கில் வழக்கு என்று 2011க்குப் பிறகு இடிந்தகரையில் பார்த்ததெல்லாம் இந்தப் படங்களைப் பார்த்தால் நினைவு வரத்தான் செய்யும். ஒரு பெரிய வித்தியாசம், அங்கே எதிர்த்தது அந்த ஊரே, அவர்கள் கடல், அவர்கள் தொழில். இங்கே வந்து உட்கார்ந்தது வெளியூர்க்காரர்கள். அதனால் இடிந்தகரைக்காரர்கள் கொடுத்த விலை மிக அதிகம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

"என்ன பண்ணியும் ஏவுகணை வந்துருச்சுல்ல? அப்ப தோத்துட்டாங்கதானே?"

1983 நவம்பர் 14 அன்று முதல் ஏவுகணைகள் வந்து இறங்கின. அன்றைக்கு அவர்கள் தோற்றார்கள், அழுதார்கள், எழுந்து திரும்ப நெருப்பு மூட்டினார்கள். அதற்கப்புறம் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏவுகணை வண்டிகள் ராத்திரியில் ரகசியமாக வெளியே போய் காட்டில் மறைந்து நிற்கும், எதிரிக்கு இடமே தெரியாது என்பதுதான் ராணுவத்தின் கணக்கு. இவர்கள் வாசலில் விழித்திருந்து வண்டி கிளம்பியதும் ஊர் ஊராகப் போன் போட, அங்கங்கே இருந்தவர்கள் காரில் பின்தொடர்ந்து, சாலிஸ்பரி சமவெளி வரைக்கும் போய் வண்டி மேல் பெயின்ட் அடித்தார்கள். ரகசியம் என்பதே இல்லாமல் போனது.

1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பசேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1989 ஆகஸ்டில் இங்கிருந்து முதல் தொகுதி போனது, 1991 மார்ச்சில் கடைசி. பெண்கள்தான் போக வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, அதற்கான காரணங்களும் பல. ஆனால் ஐரோப்பா முழுக்க மக்கள் இதை மறக்கவிடாமல் வைத்திருந்தார்கள், அதில் கிரீன்ஹாமுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒப்பந்தம் 2019இல் செத்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மாடு மேய்க்கிற உரிமை திரும்ப வரும்னீங்களே?"

ஆமாம். அனுமதியில்லாமல் தளத்துக்குள் நுழைவது குற்றம் என்று 1985இல் தனி விதி போட்டு, பெண்களை நூற்றுக்கணக்கில் தண்டித்தார்கள். ஜீன் ஹட்சின்சன், ஜார்ஜினா ஸ்மித் என்ற இரண்டு பேர் விடவில்லை. ராணுவ நிலத்துக்கு விதி போட அதிகாரம் தருகிற 1892ஆம் வருடச் சட்டத்தில், மேய்ச்சல் உரிமைக்காரர்களின் உரிமையை அந்த விதி பாதிக்கக் கூடாது என்று இருக்கிறது, இந்த விதி பாதிக்கிறது, ஆகவே செல்லாது என்று வாதாடினார்கள். 1990 ஜூலையில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை அதை ஒத்துக்கொண்டது. அணு ஏவுகணைத் தளத்தின் சட்டத்தை மந்தைவெளி உரிமை கவிழ்த்தது! இன்னொரு வழக்கில், பிளாஸ்டிக் குடிசையில் இருந்தாலும் அவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

"1991லயே எல்லாம் போயிருச்சுன்னா, 2000 வரைக்கும் ஏன் இருந்தாங்க?"

கூட்டம் போய்விட்டது, மிகச் சிலர்தான் இருந்தார்கள். பக்கத்தில் ஆல்டர்மாஸ்டனில் பிரிட்டன் தன் அணுகுண்டுகளை இன்னமும் செய்துகொண்டுதானே இருக்கிறது என்றார்கள். நிலம் பொதுவுக்குத் திரும்பும் வரை, இங்கே நடந்ததற்கு ஒரு நினைவிடம் கிடைக்கும் வரை போக மாட்டோம் என்றும் சொன்னார்கள். 1997இல் ஓர் அறக்கட்டளை தளத்தை வாங்கியது. வேலி இறங்கியது. 2000 ஏப்ரலில் காமன் மக்களுக்குத் திறந்தது, செப்டம்பரில் கடைசிப் பெண்களும் கிளம்பினார்கள்.

"சரி, இப்ப போனா எதெல்லாம் பார்க்கலாம்?"

பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். ஓடுபாதையை உடைத்து எடுத்துவிட்டார்கள், நடுவில் ஒரு சிலுவை வடிவம் மட்டும் விட்டிருக்கிறார்கள். மேற்கே போனால் புல் மூடிய ஆறு மேடுகள் தெரியும், அவைதான் ஏவுகணைக் கிடங்குகள். இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

மஞ்சள் வாசல் இருந்த இடத்தில் சின்னத் தோட்டம். வேல்ஸிலிருந்து கொண்டு வந்த ஏழு கற்களை வட்டமாக நட்டு, நடுவில் நெருப்பு மாதிரி ஒரு சிற்பம். ஹெலன் தாமஸ் என்ற வேல்ஸ் பெண்ணுக்கும் அங்கே நினைவிடம் உண்டு. 1989 ஆகஸ்ட் 5 அன்று, முதல் ஏவுகணைகள் கிளம்பிய அதே வாரத்தில், சாலையோரம் குதிரைகளை ஏற்றிப் போகிற போலீஸ் வண்டி மோதி இறந்துபோனார். வயது 22. போகும்போது கையில் இரண்டு பூ கொண்டு போங்கள், பக்கத்தில் பூக்கடை கிடையாது.